மறதிநோய்: நான் விட்ட பிழைகளை நீங்களும் விடாதீர்கள்

கனடாவின் ஸ்காபரோவில் பி.எஸ்.டபிள்யூ.வாக, அதாவது முதியவர்களைப் பராமரிக்கும் உதவியாளராக, வீடு வீடாகப் போய் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு வீட்டில், தாயை நினைவாற்றல் சோதனைக்குக் கூட்டிப்போய் வந்த மகள் சந்தோஷமாகச் சொன்னார்: “அம்மா நல்லாச் செய்தவா அக்கா. தடுமாறின இடத்தில நான் கொஞ்சம் எடுத்துக் குடுத்தனான்.” எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. நான் விட்ட அதே பிழை.

வயதானால் மறதி வரும்தானே என்று இருந்துவிடக் கூடாது, அடுப்பில் ஒரு கண் வைக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சோதனையில் பிள்ளையே மொழிபெயர்ப்பது

2012இல் என் மாமிக்கு மொக்கா (MoCA) என்ற நினைவாற்றல் சோதனை வைத்தார்கள். மொன்றியலில் உருவான சோதனை அது. மொத்தம் 30 புள்ளி. 26உம் அதற்கு மேலும் இயல்பு. பக்கத்தில் இருந்து தமிழில் சொன்னது நான்தான்.

“இண்டைக்கு என்ன கிழமை மாமி?”

மாமி சிரித்தார். “ஏன் பிள்ளை, உனக்குத் தெரியாதோ?”

நான் மருத்துவரைப் பார்த்து, “செவ்வாய்க்கிழமை என்கிறார்” என்றேன்.

ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். ஒரு சொல் வராமல் மாமி என் முகத்தையே பார்த்தார். “அது ஒரு நிறம் எல்லே” என்றேன். உடனே சொல்லிவிட்டார். குறிப்புக் கொடுத்து வரும் சொல்லுக்குப் புள்ளி இல்லை என்று எனக்குத் தெரியாது. நான் குறிப்புக் கொடுத்தது மருத்துவருக்குத் தெரியாது. 27 வந்தது.

அந்த 27ஐச் சொல்லிச் சொல்லியே இரண்டு வருடம் போனது. ஒரே பில்லை இரண்டு தரம் கட்டினார், பிறகு கட்டாமலே விட்டார். 2014இல் சொத்துக்கான பவர் ஒப் அட்டோர்னி எழுதப் போனோம். மாமிக்காகப் பண விஷயங்களை வேறொருவர் பார்க்க அவரே எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம் அது. தான் எதில் கையெழுத்து வைக்கிறேன் என்பது அந்த நேரத்தில் அவருக்கு விளங்க வேண்டும். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் சட்டம் அப்படி. வழக்கறிஞர் மாமியோடு தனியாகப் பேசிவிட்டு, முடியாது என்றார். அவர் செய்தது சரி. அதற்குப் பிறகு பாதுகாவலர் ஆவதற்கு விண்ணப்பம், கட்டணம், மாதக்கணக்கில் அலைச்சல். அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்தால் இன்றும் என்மேல் கோபம் வருகிறது.

சோதனைக்கு நாள் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். மொக்காவுக்குத் தமிழ் வடிவம் உண்டு. பல மொழிக்காரரையும் மனதில் வைத்து சிட்னியில் உருவாக்கிய ரூடாஸ் என்ற சோதனையும் இருக்கிறது. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களுக்கு அது பொருந்தும். நீங்கள் உள்ளே இருந்தால் வாய் திறக்க வேண்டாம். வீட்டில் காண்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டால், சரியான பதிலும் பிழையாகப் படலாம். டிசம்பரில் ஓர் அம்மாவிடம் இப்போது என்ன காலம் என்று கேட்டார்கள். “மாரி” என்றார். யாழ்ப்பாணத்தில் டிசம்பர் மாரி, மழைக்காலம்தானே! அதை மருத்துவருக்கு விளக்க ஆள் வேண்டும்.

ஒரே நாளில் வந்த குழப்பம்

நேற்றுவரை இருந்த மாதிரி இல்லாமல் இன்று திடீரென்று பிதற்றினால், மறதி கூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். அன்றைக்கே காட்டுங்கள்.

“நான் ஆர் எண்டு சொல்லுங்கோ பாப்பம்?”

கேட்காதீர்கள்.

“வீட்டை போகவேணும்” என்றால் திருத்துவது

பொழுதுபடும் நேரத்தில் இது தொடங்கும். நான் பார்க்கும் ஓர் அம்மாவின் ஊர் வீடு ஷெல் விழுந்து போய்விட்டது. மகன் ஒவ்வொரு நாளும் அதை எடுத்துச் சொல்வார். அம்மாவுக்கு அது ஒவ்வொரு நாளும் புதுச் செய்தி. ஒவ்வொரு நாளும் அழுவார். இப்போது நான், “கிணத்தில தண்ணி இருக்கோ அம்மா?” என்று கேட்பேன். அவர் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிக் கயிறு இழுத்துக் காட்டுவார். வாளி மேலே வந்ததும் தேத்தண்ணியைக் கையில் கொடுப்பேன். குடிப்பார்.