ஆற்றங்கரையில் ஒரு நடைவழி: ஊரைச் சேர்த்துக்கொண்டு தொடங்குவது எப்படி

ஆற்றங்கரையைச் சுத்தம் செய்யணும், நாலு மரம் வைக்கணும், காலையில் ஊர்க்காரர்கள் நடந்துபோக ஒரு வழி இருக்கணும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாக பேனர் அடிக்கிறார்கள். அதற்கு முன்னால் மூன்று மாதம் செய்யவேண்டிய வேலை இருக்கிறது, அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்குத் தாமிரபரணி, ஏனென்றால் ஞாயிறுதோறும் நாங்கள் இறங்குகிற ஆறு அது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் வரை சுமார் 128 கிலோமீட்டர், தொடக்கம் முதல் கடைசி வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடுகிறது. உங்கள் ஆறு வேறாக இருந்தாலும் செய்கிற ஒழுங்கு பெரிதாக மாறாது.

முதலில் நீளத்தைக் குறையுங்கள். ஆற்றையே மீட்கப் போகிறோம் என்று கிளம்பினால் இரண்டாவது மாதமே ஆள் இருக்காது. அரை கிலோமீட்டர் போதும், ஒரு படித்துறையிலிருந்து அடுத்த படித்துறை வரை. அந்த அரை கிலோமீட்டரை விடியற்காலையில் ஒரு முறை, உச்சி வெயிலில் ஒரு முறை, பொழுது சாயும்போது ஒரு முறை, கையில் ஒரு நோட்டோடு நடந்து பாருங்கள். காலையில் குளிக்க வருகிறவர்கள், பத்து மணிக்குத் துணி வெளுக்கிறவர்கள், மதியம் ஆடு பத்தி வருகிறவர், வீச்சுவலையோடு நிற்கிறவர், கருமாதிக்கு வருகிற குடும்பம், சாயங்காலம் பாட்டிலோடு உட்காருகிற கூட்டம் என்று எல்லாரையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கரை ஏற்கெனவே இவர்கள் கையில் இருக்கிறது, நீங்கள்தான் புதிதாக வருகிறீர்கள்.

இதை நாங்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டோம். கயிறு கட்டி வழி அளந்துகொண்டிருந்தபோது துணி வெளுக்கிற ஆச்சி ஒருத்தர் கிட்ட வந்து, "தம்பி, நீங்க நடக்கதுக்கு வழி போடுதீய, சரி. இந்தச் சேலையெல்லாம் நான் எங்க போயி காயப்போட?" என்று கேட்டார். கயிறு ஓடின இடம் முழுக்க அவர் முப்பது வருஷமாகத் துணி விரிக்கிற மணல்மேடு. அன்றைக்கே கயிறை அவிழ்த்து, வழியை மேட்டுக்குப் பின்னால் மரத்தை ஒட்டித் திருப்பினோம். வெள்ளம் வந்தால் தண்ணீர் எந்த இடத்தில் முதலில் ஏறும், எந்த மரம் எத்தனை வெள்ளத்துக்கு நின்றது என்பதை அப்புறம் எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அவர்தான். படித்தவர்கள் நாலு பேர் வாட்ஸாப் குழு வைத்துக்கொண்டு போடுகிற திட்டத்தில் இந்த ஆட்கள் இருக்கவே மாட்டார்கள். ஆனால் கரையில் தினமும் எட்டு மணி நேரம் இருப்பது அவர்கள்தான், வைத்த கன்றை ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ளப் போவதும் அவர்கள்தான். அதனால் முதல் கூட்டத்தை மண்டபத்தில் போடாதீர்கள். படித்துறையிலேயே போடுங்கள், அவர்கள் வேலை முடிகிற நேரத்தில்.

அடுத்தது நிலம். நம் கண்ணுக்கு ஆற்றங்கரை எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், ஆவணத்தில் அப்படி இருக்காது. ஒரு துண்டு ஆற்றுப் புறம்போக்கு, பக்கத்துத் துண்டு கோவில் நிலம், அதற்கடுத்தது பட்டா என்று மாறி மாறி வரும். தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் அ-பதிவேட்டையும் (எந்த நிலம் யார் பெயரில் என்று சொல்கிற பதிவேடு) புல வரைபடத்தையும் (நிலத்தின் எல்லைப் படம்) நீங்களே பார்க்கலாம். சர்வே எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கேளுங்கள், அவருக்குக் கரையைக் கையால் காட்டினாலே எண் சொல்லத் தெரியும். கோவில் நிலம் என்றால் கேட்கவேண்டியது அறநிலையத்துறையிடம், ஆறும் கரையும் என்றால் பொதுப்பணித்துறையிலிருந்து 2021-ல் தனியாகப் பிரிந்த நீர்வளத்துறையிடம். பட்டா நிலம் குறுக்கே வந்தால் அந்த வீட்டுக்கு நேரில் போய், உட்கார்ந்து பேசுங்கள். ஆக்கிரமிப்பு இருந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். அது சட்டப்படி அரசு செய்யவேண்டிய வேலை. நீங்கள் அதில் முதலில் இறங்கினால் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்கும், கன்று வைக்க ஒருவர் வரமாட்டார்.

மனு ஒரே பக்கம் இருக்கட்டும். சர்வே எண், எங்கிருந்து எங்கே வரை, என்ன செய்யப் போகிறோம், எதைச் செய்யமாட்டோம் (கட்டடம் கட்டமாட்டோம், மணலைத் தொடமாட்டோம், வேலி போடமாட்டோம்), பொறுப்பாளர்கள் யார், கையால் வரைந்த ஒரு படம், இவ்வளவுதான். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு நகலை நீர்வளத்துறை செயற்பொறியாளருக்கும் கொடுங்கள். ஊராட்சிப் பகுதி என்றால் கிராம சபைத் தீர்மானம் மாதிரிக் கை கொடுக்கிற காகிதம் வேறு இல்லை. வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது, அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அன்றைக்கு ஆற்றைப் பற்றிப் பேச யாரும் தயங்கமாட்டார்கள். துணி வெளுக்கிறவர்களும் வலை போடுகிறவர்களும் அன்றைக்கு வந்து தங்கள் வாயால் சொல்லட்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

பணம். ஆரம்பத்தில் ரொக்கமாக வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஒருவர் இரண்டு மணி நேரம் ஜே.சி.பி. தருவார், டீக்கடைக்காரர் டீ தருவார், நர்சரிக்காரர் கன்று தருவார். யார் என்ன தந்தார்கள் என்று ஒரு பலகையில் எழுதிப் படித்துறையிலேயே வையுங்கள். பெரிய தொகை வரும் என்றால் 1975-ம் வருஷச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்து, வங்கிக் கணக்கு தொடங்கி, அப்புறம் வாங்குங்கள். மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மிச்சத்தைப் போடுகிற நமக்கு நாமே திட்டமும் இருக்கிறது, பங்கு எவ்வளவு என்பதை மனு கொடுக்கப் போகும்போதே விசாரித்து வாருங்கள்.

சரி, வழி போடுவதற்கு வருவோம். ஆடும் ஆளும் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப்பாதை ஒன்று நிச்சயம் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். ஐந்து, ஆறு அடி அகலத்துக்கு மண்ணைச் சமன்படுத்தி, முள்ளை ஒதுக்கினால் வேலை முடிந்தது. பேவர் பிளாக் வேண்டாம், கரையைச் சிமெண்ட் பூசி மெழுகுவதும் வேண்டாம், இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இந்த ஆற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் யாரும் கரையில் கல் பதிக்கச் சொல்லமாட்டார்கள். திருநெல்வேலி குறுக்குத்துறை முருகன் கோவிலைப் பாருங்கள், ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோவில். வெள்ளம் ஏறினால் உற்சவரை மேலக்கோவிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள், வடிந்ததும் கழுவிவிட்டுத் திரும்பக் கொண்டுவருவார்கள். ஆற்றோடு எப்படிக் குடியிருப்பது என்று அந்த ஏற்பாட்டிலேயே தெரிகிறது. உங்கள் பெஞ்சும் பலகையும்கூட நாலு பேர் தூக்கி மேலே வைக்கிற மாதிரி இருக்கட்டும். ராத்திரி விளக்கும் வேண்டாம், இருட்டு தேவைப்படுகிற உயிர்கள் கரையில் நிறைய இருக்கின்றன.

சீமைக்கருவேலத்தைப் பார்த்ததும் வேரோடு பிடுங்கத் தோன்றும். சரிவில் நிற்பதை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள், அடுத்த மழையில் கரையே சரிந்து போகும். மேல்கரையில் முதலில் எடுங்கள், சரிவில் இருப்பதை வெட்டி வெட்டிக் குறைத்துக்கொண்டே நடுவே நாணலும் தாழையும் பிடிக்க விடுங்கள், அவை பிடித்தபின் மிச்சத்தை எடுக்கலாம். மேலே நீர்மருது, நாவல், புங்கன், இலுப்பை வைக்கலாம். ஐப்பசி மழை தொடங்கி வெள்ள பயம் தணிந்ததும் நடுங்கள், முதல் கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெயர் எழுதி வைத்துவிட்டே நடுங்கள். ஐம்பது கன்று போதும்.

குப்பையில் தாமிரபரணிக்கென்று ஒன்று உண்டு, துணி. பாபநாசத்தில் பரிகாரம் செய்கிறவர்கள் உடுத்தியதை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவார்கள், கீழே எங்கள் கரை வரைக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது. ஒரு சேலையின் முந்தானை மட்டும் வெளியே தெரியும், சும்மா இழுத்தால் வராது, உடம்பு முழுக்க மணலுக்குள் போய், வேரில் சுற்றி, அதற்குள் இன்னொரு வேட்டியும் பிளாஸ்டிக் மாலையும் சிக்கிக் கிடக்கும். மூன்று பேர் நின்று மண்வெட்டியால் சுற்றிலும் தோண்டித்தான் எடுக்கணும். வெறுங்கையோடு யாரையும் விடாதீர்கள், உடைந்த பாட்டில் எங்கேயும் இருக்கும். கையில் புண் இருக்கிறவர்கள் தண்ணீருக்குள் இறங்கவே வேண்டாம். துணி போடுவதை நிறுத்த, சடங்கு செய்து வைக்கிறவரிடம் பேசுவதுதான் ஒரே வழி. அவர் "இந்தத் தொட்டியில் போடுங்க, அதுவே போதும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் குடும்பம் கேட்கும், நம் எச்சரிக்கைப் பலகையை யாரும் படிப்பதில்லை.

எடுத்த குப்பை எங்கே போகும் என்று சனிக்கிழமையே முடிவாக வேண்டும். ஒரு ஞாயிறு நாற்பது சாக்கு கட்டிக் கரையில் வைத்துவிட்டு, வருவதாகச் சொன்ன வண்டிக்காகக் காத்திருந்தோம், அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை, செவ்வாய்க்கிழமை இரவு தண்ணீர் ஏறி எல்லாச் சாக்கையும் திரும்ப ஆற்றுக்கே கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து வண்டி கரைக்கு வந்து நின்றபிறகுதான் முதல் சாக்கைத் திறக்கிறோம்.

சாக்கடை கலக்கிற இடத்தை உங்களால் அடைக்க முடியாது. மாதம் ஒரு முறை அதே இடத்தில் நின்று தேதியோடு படம் எடுங்கள், உள்ளாட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதிக்கொண்டே இருங்கள், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். பின்னால் யாராவது வழக்குப் போட்டால் அந்தக் கோப்புதான் பேசும்.

ஒரு முறை திருப்புடைமருதூர் போய் வாருங்கள், கடனாநதி தாமிரபரணியோடு சேருகிற ஊர். கோவிலை ஒட்டிய பெரிய மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டும், ஊரார் கலைக்கமாட்டார்கள். 2005-ல் அரசு அதைப் பாதுகாப்பகமாக அறிவித்தது. உங்கள் குழுவில் சந்தேகத்தோடு இருக்கிற இரண்டு பேரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், அங்கே மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். ஜனவரியில் இந்த ஆற்றுப் பாசனக் குளங்களில் 2011 முதல் தன்னார்வலர்கள் நடத்திவருகிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளோடு அதில் சேர்ந்துகொள்ளுங்கள். கரையில் என்ன மாறுகிறது என்று எண்ணிப் பார்க்கிற பழக்கம் அங்கே வரும்.

வாரம் ஒரு நாள், காலை ஆறு முதல் எட்டு வரை, ஐந்து பேர் வந்தாலும் நடத்துங்கள். கல்லூரி என்.எஸ்.எஸ். பிள்ளைகள் நூறு பேர் வருகிற நாளும் உண்டு, அன்றைக்குப் பத்துப் பேருக்கு ஒரு ஊர்க்காரரைத் தலைவராக வையுங்கள். முதல் வெள்ளம் வடிந்த அடுத்த நாள் மட்டும் வேலை எதுவும் வேண்டாம். அதே நோட்டை எடுத்துக்கொண்டு, ஆச்சியையும் கூட்டிக்கொண்டு நடந்து, எந்தக் கன்று நிற்கிறது, வழி எங்கே அறுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, ஆறு புதிதாக ஒதுக்கிவிட்ட இடத்தில் கயிறை மறுபடி கட்டுங்கள்.