கரண்ட் போனாலும் தாங்கும் மீன்கள்: என் அனுபவம்

போன சித்திரையில் ஒரு மதியம் மதுரை வில்லாபுரத்தில் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. ஏர் பம்ப் நின்றுவிட்டது. வேலை முடிந்து வந்து பார்த்தால், ஆறு தங்கமீன்களில் நான்கு மிதந்தன. மகள் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் ஆக்ஸிஜன் குறையும். தங்கமீனோ குளிர்ந்த தண்ணீர் மீன், கழிவும் அதிகம். மதுரை வெயிலுக்கு, அதுவும் இரண்டடித் தொட்டியில், அதை வளர்த்தது என் தப்புதான். மிச்சமிருந்த இரண்டையும் நண்பர் வீட்டு நிழல் தொட்டிக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது இருப்பது இரண்டு குராமி, ஐந்து மோலி. குராமிக்குச் செவுளுக்கு மேலே தனியாக ஒரு சுவாச உறுப்பு உண்டு. மேலே வந்து காற்றையே நேராகக் குடிக்கும். அதனால் மூடியை இறுக்கி மூடக்கூடாது. எங்கள் போர் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளைக் கோடு போடும் உப்புத் தண்ணீர். அது மோலிக்கு நன்றாக ஒத்துப்போகிறது.

இன்னொன்றையும் மாற்றினேன். முன்பெல்லாம் பில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவி, மொத்தத் தண்ணீரையும் மாற்றுவேன். கழிவில் வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் இருக்கிறது! இப்போது தொட்டியிலிருந்து மொண்டெடுத்த தண்ணீரிலேயே பிழிந்து எடுக்கிறேன். வாரம் கால்வாசித் தண்ணீர் மட்டும் மாற்றுகிறேன்.

போன வாரமும் கரண்ட் போனது. பெரிய குராமி மெதுவாக மேலே வந்து ஒரு வாய் காற்றை இழுத்துக்கொண்டு, பாசிக்குள் போய்விட்டது.