தெருவே சேர்ந்து முளைப்பாரி போடுவது எப்படி?

மதுரை, சிவகங்கைப் பக்கம் அம்மன் கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவார்கள், அதாவது சட்டியில் பயறுகளை முளைக்கவைத்து அம்மனுக்கு எடுத்துப் போவார்கள். நீங்களும் போட நினைத்தால் முதலில் அக்கம்பக்கத்து வீடுகளில் போய்ச் சொல்லுங்கள், இது தனியாகச் செய்கிற வேலையே இல்லை.

ஊர் ஏரியான கண்மாயிலிருந்து கரம்பை என்கிற வண்டல் மண் அள்ளி வந்து, காய்ந்த மாட்டுச் சாணத்தை நுணுக்கிக் கலந்து, அடியில் வைக்கோல் பரப்பிய மண்சட்டியில் நிரப்புங்கள். பாசிப்பயறு, தட்டப்பயறு, மொச்சை, சோளம் என்று ஆளுக்கொரு பிடி கொண்டுவரட்டும். எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரு ராத்திரி ஊறவைத்து, நெருக்கமாகத் தூவி, எருப்பொடியால் லேசாக மூடுங்கள்.

அப்புறம் எல்லாச் சட்டிகளையும் ஒரே வீட்டு இருட்டறையில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் பச்சையாகிவிடும், நமக்கு அந்த இளமஞ்சள்தான் வேண்டும். தண்ணீரைக் கையால் தெளித்தால் போதும், ஊற்றினால் அழுகும்.

சாயங்காலம் எல்லாரும் அங்கே கூடிக் கும்மியடியுங்கள், பாட்டு தெரியாவிட்டால் பெரியவர்களிடம் கேளுங்கள். இரண்டு மூன்று நாளில் மண் லேசாக வெடித்து, வளைந்த தண்டு தலை தூக்கும், பயற்றுத் தோல் இன்னும் நுனியில் ஒட்டியிருக்கும். அதைக் குனிந்து பார்க்கிற நேரத்தில் எது யார் போட்ட பயறு என்று யாருக்கும் தெரியாது, எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

திருவிழா அன்று தலையில் சுமந்து போய், மண் எடுத்த அதே கண்மாயில் கரைத்துவிடுங்கள்.