கன்னிமாராவுக்கு ரயில் ஏறும் முன்

ராமநாதபுரத்திலிருந்து எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குக் கிளம்பும் முன், தேடும் பழைய புத்தகத்தைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள். ‘ராமேஸ்வரம்’ என்று அடித்துக் கிடைக்காவிட்டால் விட்டுவிட வேண்டாம். ‘இராமேசுவரம்’, ‘இராமேச்சுரம்’ என்றும் அடித்துப் பாருங்கள். பழைய அச்சில் தலைப்பு எப்படி இருந்ததோ, பெரும்பாலும் அப்படியேதான் பதிந்திருப்பார்கள். சேதுபதிகள் பற்றியோ தலபுராணமோ தேடுகிறவர்களுக்கு இந்த ஓர் ‘இ’ ராத்திரிப் பயணத்தையே மிச்சப்படுத்தும். அவ்வளவு நூல்கள் இலவசமாகவே இருக்கின்றன.

பதிப்புரிமை முடியாத புதிய நூல்களுக்கு இது பெரும்பாலும் உதவாது. அதற்கு 1896இல் திறந்த கன்னிமாராதான் சரி. 1954 சட்டப்படி பதிப்பாளர்கள் புதிய நூல்களின் பிரதியை அங்கே அனுப்ப வேண்டும்.