பேட்டரியில் சார்ஜ் இருந்தும் செத்துப்போன ஈஎஸ்பி32

மண் ஈரம் பார்க்க வைத்த ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கன்ட்ரோலர் சிப்) போர்டு பகலெல்லாம் ஒழுங்காக ஓடும், விடிவதற்குள் படுத்துவிடும். சோலார் பேனல் போதவில்லை என்று பெரியதாக வாங்கினேன். தண்டச் செலவு! பேட்டரி செல்லில் பாதி சார்ஜ் அப்படியே இருந்தது.

குற்றவாளி, போர்டில் இருந்த ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர், அதாவது வரும் வோல்டேஜை சிப்புக்கு ஏற்றபடி குறைத்துத் தரும் பாகம். அதற்கு உள்ளே வருவதும் வெளியே போவதும் சுமார் 1.1 வோல்ட் வித்தியாசப்பட வேண்டும். செல் 3.7க்கு இறங்கினால் சிப்புக்குக் கிடைப்பது 2.6 தான். வைஃபை எழும்போது பிரவுன்அவுட் (வோல்டேஜ் சரிந்து சிப் நின்றுபோவது), ரீசெட், மறுபடி பிரவுன்அவுட். போதாததற்கு சிப் டீப் ஸ்லீப்பில் (மின்சாரம் மிச்சப்படுத்தும் தூக்கத்தில்) இருக்கும்போதும் ரெகுலேட்டரும் சிவப்பு எல்இடியும் மில்லிஆம்ப் கணக்கில் குடித்தன.

இரண்டையும் கழற்றி எறிந்தேன். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லை நேராக 3.3 வோல்ட் பின்னில் கொடுத்தேன்; முழு சார்ஜில் 3.6, சிப் தாங்கும். பழைய டிபி4056 சார்ஜர் 4.2 வரை ஏற்றிவிடும் என்பதால் அதையும் மாற்றினேன்.