பாட்டெழுதப் படிக்கப் போகிறீர்களா? தினமும் 10 நிமிடம்

பாஸ்டனில் உள்ள பெர்க்லீ இசைக் கல்லூரியில் பாட்டெழுதுவதையே முதன்மைப் பாடமாக எடுத்துப் பட்டம் வாங்கலாம். அந்த ஆசை இருந்தால், அங்கே பல ஆண்டுகள் பாடல் வரிகள் பற்றிக் கற்பித்த பாட் பாட்டிசன் சொல்லும் பயிற்சியை இப்போதே தொடங்குங்கள்.

காலையில் எழுந்ததும் ஏதாவது ஒரு பொருளைப் பற்றி 10 நிமிடம் எழுத வேண்டும். குடை என்றால் நிறம் மட்டும் போதாது. நனைந்த துணியின் வாடை, கம்பி விரியும் சத்தம், கைப்பிடியின் சில்லிப்பு, காற்று இழுக்கும்போது தோளில் ஏறும் இறுக்கம், எல்லாம் வரட்டும். எதுகை மோனையெல்லாம் அப்புறம். நேரம் முடிந்ததும் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். எனக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது, ஆனால் மறுநாள் எழுத உட்காரவைப்பதும் இதுதான். கோர்செரா என்ற இணையவழிப் பாடத் தளத்தில் பாட்டிசனுடைய வகுப்பும் இருக்கிறது.