நேர்முகத் தேர்வுக்கு முன் விசாரிக்க வேண்டியவை
யாழ்ப்பாணத்தில் தனியார் நிறுவனமொன்றின் நேர்முகத் தேர்வுக்குச் செல்பவர்கள், அங்கே முன்னர் தோற்றியவர்களிடம் என்ன கேள்விகள் கேட்கப்பட்டன என்பதை மட்டுமன்றி, நியமனக் கடிதம் எப்போது கையில் கிடைத்தது, பேசிய சம்பளமே அதில் எழுதப்பட்டிருந்ததா என்பவற்றையும் அவசியம் விசாரிக்க வேண்டும். “தகுதிகாண் காலம் முடியட்டும், சேமலாப நிதியைப் பிறகு பார்ப்போம்” என்ற சொல்லை நம்பி ஆறு மாதப் பங்களிப்பை இழந்தவர்களுள் நானும் ஒருவர். உண்மையில், ஊழியரின் ஓய்வுகாலச் சேமிப்புக்கான 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே சம்பளத்தில் ஊழியரின் பங்காகக் குறைந்தது 8 வீதமும் நிறுவனத்தின் பங்காகக் குறைந்தது 12 வீதமும் செலுத்தப்பட வேண்டும். இதற்குப் புறம்பான இன்னொரு நிதியமான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கான (ETF) 3 வீதம் முழுவதும் நிறுவனத்தின் செலவாகும். அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. இந்தப் பங்களிப்புகள் மறுக்கப்பட்டால் தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிடலாம்.